முரட்டுச் சிறுமிகள் வளர்ந்து என்ன ஆகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிக்கிற, கடிக்கிற, கத்துகிற, எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற பெண் குழந்தைகளைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் பெரும்பகுதி கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1976இல் தொடங்கிய ஓர் ஆய்விலிருந்து வருகிறது. அன்று வகுப்பறையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தாய் தகப்பன் ஆகும் வரை அந்த ஆய்வு அவர்களை விடாமல் தொடர்ந்தது.

பையன் அடித்தாலும் பெண் அடித்தாலும் அடி அடிதானே? பெண் குழந்தைகளைத் தனியாகப் பேச என்ன இருக்கிறது?

விளைவு தெரியும் இடம் வேறு. முரட்டுப் பையன்களில் பலர் பிற்காலத்தில் காவல் நிலையப் பதிவேட்டிலும் சிறைக் கணக்கிலும் வந்து நிற்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய் எண்ணினார்கள். பெண்கள் அதிகம் அகப்படவில்லை. அதனால் சிறுமிகளின் முரட்டுத்தனம் வயது ஏற ஏறத் தானாகக் கரைந்துவிடும் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது.

அந்த எண்ணத்துக்கு ஓரளவு அடிப்படையும் இருந்தது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்துவரும் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். முரட்டுத்தனமும் விதிமீறலும் சின்ன வயதில் தொடங்கி வாழ்நாள் முழுக்க நீடிக்கும் வகையில் ஒரு பெண்ணுக்குப் பத்து ஆண்கள் இருந்தார்கள். பதின்வயதில் தலைகாட்டிப் பிறகு அடங்கும் வகையில் இடைவெளி வெகுவாகக் குறைந்து, ஒரு பெண்ணுக்கு ஒன்றரை ஆண் என்ற அளவில் நின்றது.

என்னைக் கேட்டால், எண்ணப் போன இடம்தான் தப்பு. மகளிர் நோய்ப் பிரிவு, பிரசவ வார்டு, பள்ளியிலிருந்து பாதியில் நின்றவர்களின் பட்டியல், குழந்தைகளுக்கான அவசரச் சிகிச்சைப் பிரிவு ஆகிய இடங்களில் தேடியிருந்தால் இந்தப் பெண்கள் அகப்பட்டிருப்பார்கள். மான்ட்ரியல் குழு அங்கெல்லாம் தேடியது.

அந்த மான்ட்ரியல் ஆய்வு எப்படி நடந்தது?

கான்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் ஷ்வார்ட்ஸ்மனும் ஜேன் லெடிங்ஹாமும் அதைத் தொடங்கினார்கள். பிறகு லிசா செர்பின், டேல் ஸ்டாக் ஆகியோர் பல பத்தாண்டுகள் நடத்தினார்கள். வருமானம் குறைந்த பகுதிகளின் பிரெஞ்சு வழிப் பள்ளிகளில் ஒன்றாம், நான்காம், ஏழாம் வகுப்புகளில் படித்த 4,109 பிள்ளைகளிடம் முதல் கட்டக் கணக்கெடுப்பு நடந்தது.

அவர்கள் ஆசிரியரையோ பெற்றோரையோ கேட்கவில்லை. வகுப்பில் இருந்த பிள்ளைகளையே கேட்டார்கள். 'சண்டையைத் தொடங்குவது யார்?', 'வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்பது யார்?', 'எல்லாருக்கும் பிடித்தவர் யார்?' என்ற வகையில் கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் பையன்களில் சிலர், பெண்களில் சிலர் என்று தனித்தனியாகப் பெயர் சொல்ல வேண்டும். இந்தத் தனிக் கணக்குதான் ஆய்வின் சூட்சுமம். பையன்களோடு சேர்த்து எண்ணினால், அவர்கள் போடும் சத்தத்தில் ஒரு பெண் குழந்தையின் முரட்டுத்தனம் கண்ணிலேயே படாது. இங்கே ஒவ்வொரு சிறுமியும் மற்றச் சிறுமிகளோடு ஒப்பிடப்பட்டாள். முரட்டுத்தனத்தில் உச்சத்தில் இருந்தவர்கள், ஒதுங்கிப்போவதில் உச்சத்தில் இருந்தவர்கள், இரண்டும் சேர்ந்தவர்கள், எதிலும் சேராத சாதாரணப் பிள்ளைகள் என்று 1,700க்கும் மேற்பட்டோர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

சின்னப் பிள்ளைகள் சொல்வதை நம்பி ஒரு பெண்ணுக்கு முத்திரை குத்தலாமா?

ஒரு பிள்ளை சொன்னால் நம்ப வேண்டாம். வகுப்பே சொன்னால் நம்பலாம். ஆசிரியர் பார்ப்பது பாட நேரத்தை. கழிப்பறை வரிசையிலும் சாப்பாட்டு நேரத்திலும் மைதானத்து மூலையிலும் என்ன நடக்கிறது என்பது பிள்ளைகளுக்குத்தான் தெரியும். முத்திரை குத்தும் சங்கதியும் இல்லை இது. யார் எந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்பது ஆய்வுக் கோப்பில் மட்டும் இருந்தது.

சரி, அவர்கள் வளர்ந்து என்ன ஆனார்கள்?

முதலில் தடுமாறியது படிப்பு. முரட்டுச் சிறுமிகள் என்று வகுப்பு அடையாளம் காட்டியவர்களில் பள்ளிப் படிப்பை முடிக்காமல் நின்றவர்கள் மற்றவர்களைவிட அதிகம்.

அடுத்தது உடல்நலம். மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாநிலத்தில் பொது மருத்துவக் காப்பீடு இருப்பதால், யார் எப்போது எதற்காக மருத்துவரிடம் போனார்கள் என்பதற்கு ஆவணம் உண்டு. அதைப் புரட்டியபோதுதான் யாரும் எதிர்பார்க்காத தகவல் கிடைத்தது. பதின்வயதில் இந்தப் பெண்கள் மகளிர் நோய்களுக்காகவும் பால்வினை நோய்களுக்காகவும் மருத்துவரைத் தேடிப் போனது மற்றவர்களைவிட அதிகம். இளவயதுக் கர்ப்பமும் அதிகம். அதிலும் முரட்டுத்தனமும் ஒதுங்கும் குணமும் ஒருசேர இருந்த சிறுமிகளுக்கு அந்த ஆபத்து கூடுதல். சண்டைக்காரி என்றும் பெயர், சேர்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை என்ற நிலை அது.

பிறகு பிரசவம். இருபதுகளின் தொடக்கத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள், இரண்டு ஆண்டுகூட இடைவெளி இல்லாத பிரசவங்கள், பேறுகாலச் சிக்கல்கள்.

டனீடின் ஆய்வும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. பதினைந்து வயதில் கடுமையான நடத்தைச் சிக்கல் இருந்த பெண்களை இருபத்தொரு வயதில் பார்த்தபோது, புகைபிடித்தல், போதைப் பழக்கம், பால்வினை நோய், இளவயதுக் கர்ப்பம், பொதுவான உடல்நலக் குறைவு எல்லாமே கூடுதலாக இருந்தன. பதின்வயதில் மனச்சோர்வும் பதற்றமும் இருந்த பெண்களும் அதே ஆய்வில் உண்டு. உடல்நலம் இத்தனை பக்கங்களில் கெட்டது நடத்தைச் சிக்கல் இருந்தவர்களுக்குத்தான். துணை அமைவதிலும் ஒரு போக்கு தெரிந்தது. முரட்டுப் பெண்கள் முரட்டு ஆண்களோடு சேர்வது அதிகம், அந்த வீட்டில் அடிதடியும் அதிகம்.

அமெரிக்க மனநல மருத்துவர் கேத்லீன் பாஜர் 1998இல் இத்தகைய இருபது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். அகால மரணம், குற்றச் செயல், மனநோய், வன்முறை நிறைந்த உறவு ஆகியவை இந்தப் பெண்களிடம் அதிகம் என்பதுதான் அவர் கண்டது.

இதைப் படிக்கும் தாய்க்கு அடிவயிறு கலங்கும் என்று தெரியும். ஆகவே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இவையெல்லாம் கூட்டத்தைப் பற்றிய கணக்கு. அபாயம் கூடுகிறது என்பதைத்தான் காட்டுகிறது. உங்கள் மகளின் ஜாதகம் அதில் எழுதப்படவில்லை. அந்தச் சிறுமிகளிலும் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், நிதானமாகக் குடும்பம் நடத்தியவர்கள் நிறையப் பேர்.

அடுத்த தலைமுறைக்கும் இது போகிறதா?

போகக்கூடும். மான்ட்ரியல் ஆய்வு தனித்து நிற்பது இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதால்தான். முன்னாள் மாணவிகள் தாயானதும் குழு அவர்கள் வீட்டுக்கே போய், தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடுவதைப் படம்பிடித்துப் பார்த்தது. சிறுவயதில் முரட்டுத்தனம் உச்சத்தில் இருந்த தாய்மாரில் சிலர் பிள்ளையின் அழைப்புக்கு முகம் கொடுப்பது குறைவாகவும், சிடுசிடுப்பது கூடுதலாகவும் இருந்தது. அவர்களுடைய குழந்தைகளை மருத்துவமனை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அதிகம்.

'தாயைப் போல பிள்ளை' என்று இதை முடித்துவிடக் கூடாது. நடந்ததைப் படிப்படியாகப் பார்த்தால், படிப்பு நின்றது, சீக்கிரம் தாயானாள், கையில் காசில்லை, துணைக்கு ஆள் இல்லை, இரண்டு கைக்குழந்தைகள். இந்த நிலையில் சாந்த சொரூபியான பெண்ணும் சிடுசிடுப்பாள்.

இந்தச் சங்கிலியை எங்கே அறுக்கலாம்?

பள்ளியில். ஆய்வுக் குழு திரும்பத் திரும்பச் சுட்டிய இடம் அதுதான். அதே முரட்டுத்தனத்தோடு தொடங்கியவர்களிலும் பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் வாழ்க்கை வேறு திசையில் போனது. வறுமை குறைந்தது, தாய்மை தள்ளிப்போனது, பிள்ளை வளர்ப்பு மேம்பட்டது, அந்தப் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியும் நன்றாக இருந்தது.

இதனால்தான் 'இவளால் மற்றப் பிள்ளைகள் கெடுகிறார்கள், மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போங்கள்' என்று ஒரு பள்ளி சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒழுங்கு நடவடிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. அடி வாங்கிய பிள்ளைக்கும் பாதுகாப்பு வேண்டும். இடத்தை மாற்றி உட்கார வைக்கலாம், இடைவேளையில் கண்காணிக்கலாம், பெற்றோரை வாரம் ஒருமுறை அழைக்கலாம். வெளியேற்றுவது மட்டும், இருக்கிற ஒரே பிடிமானத்தையும் பிடுங்குவதற்குச் சமம்.

அடிப்பதில்லை, ஆனால் தோழிகளைப் பிரித்துவிடுகிறாள், ஒருத்தியை ஒதுக்கிவைக்கிறாள். இதுவும் முரட்டுத்தனமா?

ஆம். 'அவளோடு பேசினால் உன்னோடு டூ' என்று மிரட்டுவது, கோள் மூட்டுவது, ரகசியத்தை ஊருக்குச் சொல்வது, வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒருத்தியை மட்டும் நீக்குவது எல்லாம் இதில் அடங்கும். 1988இல் ஃபின்லாந்தின் கிர்ஸ்தி லாகர்ஸ்பெட்ஸ், காய் பியோர்க்விஸ்ட் ஆகியோரின் குழு பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் இந்த மறைமுகத் தாக்குதலை ஆராய்ந்தது. 1995இல் அமெரிக்காவில் நிக்கி கிரிக், ஜெனிஃபர் குரோட்பீட்டர் இருவரும் செய்த ஆய்வுக்குப் பிறகு, உறவைக் கெடுத்துத் தாக்கும் இந்த வகை பரவலாகப் பேசப்பட்டது.

இது 'பொம்பளை புத்தி' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2008இல் நோயல் கார்டும் உடன் ஆய்வாளர்களும் 148 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, இந்த விஷயத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த வித்தியாசம் பொருட்படுத்த முடியாத அளவுக்குச் சிறியது. கை நீட்டுவதில் பையன்கள் தெளிவாக முந்துகிறார்கள். ஒதுக்கிவைப்பதில் இருவரும் ஏறக்குறைய சமம்.

என் மூன்று வயது மகள் கடிக்கிறாள், கிள்ளுகிறாள். பயப்பட வேண்டுமா?

இந்த வயதில் வேண்டாம். மனிதர்கள் வாழ்நாளிலேயே அதிகம் அடிப்பதும் கடிப்பதும் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள்தான். கியூபெக்கைச் சேர்ந்த ரிச்சர்ட் டிரெம்ப்ளே பல ஆண்டுகள் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்துச் சொன்னது இது. வாய்ப் பேச்சு வளர வளரக் கை அடங்கும். பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும் குறையாமல், வீடு, பள்ளி, உறவினர் வீடு என்று எல்லா இடத்திலும் அதே புகார் வந்தால் கவனியுங்கள்.

சீக்கிரம் வயதுக்கு வந்த பெண்கள் அடங்க மாட்டார்கள் என்கிறார்களே?

பாதி உண்மை. டனீடின் ஆய்வில் சீக்கிரம் பூப்படைந்த பெண்களிடம் விதிமீறல் அதிகம் காணப்பட்டது. ஆனால் அது இருபாலர் பள்ளியில் படித்தவர்களிடம்தான். பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளியில் இருந்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை என்று 1993இல் வெளியான கட்டுரையில் அவ்ஷலோம் காஸ்பியும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். ஆக, உடல் மட்டும் காரணம் ஆகாது. பன்னிரண்டு வயது மனத்தோடு பதினாறு வயதுத் தோற்றத்தில் இருக்கும் பெண்ணை யார் தம் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது முக்கியம். உடனே மகளிர் பள்ளியைத் தேடி ஓட வேண்டாம். அவளைவிட நான்கைந்து வயது மூத்த நண்பர்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் பெண்பிள்ளைகளின் வன்முறை பெருகிவிட்டதாமே?

அமெரிக்காவில் 1990களில் சிறுமிகள் கைதாவது உண்மையாகவே கூடியது. பத்திரிகைகளும் அலறின. ஆனால் டாரல் ஸ்டெஃபன்ஸ்மையர் குழு 2005இல் கைதுக் கணக்கையும், பாதிக்கப்பட்டவர்கள் சொன்னதையும், மாணவர்கள் தாங்களே ஒப்புக்கொண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. கைது மட்டும் ஏறியிருந்தது, மற்றவை அப்படி ஏறவில்லை. வீட்டுக்குள் தாயும் மகளும் போட்ட சண்டைக்கும் பள்ளிச் சண்டைக்கும்கூடக் காவல்துறை வழக்குப் போடத் தொடங்கியதுதான் முக்கியக் காரணம். கைபேசியில் சுற்றும் ஒரு சண்டைக் காட்சியைப் பார்த்து 'காலம் கெட்டுப்போச்சு' என்று முடிவு கட்டுவதும் இதே ரகம்தான்.

படபடப்பு, ஒரு நிமிடம்கூட உட்காராமை, சட்டென்று கோபம். இது வேறு ஏதாவது குறைபாடாக இருக்குமா?

இருக்கலாம். ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாடு சிறுமிகளிடம் அடிக்கடி தவறவிடப்படுகிறது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஸ்டீபன் ஹின்ஷா அந்தக் குறைபாடுள்ள 140 சிறுமிகளையும், அது இல்லாத 88 சிறுமிகளையும் தொடர்ந்து கவனித்தார். இளம்பெண்களானபோது, சிறுவயதில் கவனக்குறைவோடு துடுக்கும் படபடப்பும் சேர்ந்திருந்தவர்களிடம் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலை முயற்சியும் கவலைக்குரிய அளவில் கூடுதலாக இருந்தன. பிறர்மீது பாய்ந்த கை பிற்பாடு தன்மீதே திரும்பக்கூடும். எனவே மதிப்பீடு செய்யாமல் 'ராங்கிக்காரி' என்று தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் மருத்துவர் கேட்க வேண்டும், நீங்களும் கேட்க வேண்டும். சமீபத்தில் திடீரென்று மாறினாளா? அப்படியானால் வீட்டிலோ வெளியிலோ யாராவது அவளுக்குத் தீங்கு செய்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான சிறுமி அழுதுகொண்டுதான் வருவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். கல்லெடுத்து எறிந்துகொண்டும் வரலாம்.

நாலு போட்டால் அடங்கிவிடுவாளா?

உங்கள் முன்னால் அடங்குவாள். கை வலுத்தவர் பேச்சுதான் எடுபடும் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்வாள்.

பின்னே என்னதான் செய்வது?

வீட்டில் நடக்கும் ஒரு சுழற்சியை முதலில் அடையாளம் காணுங்கள். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் குடும்பங்களை வீட்டிலேயே உட்கார்ந்து கவனித்துக் கண்டுபிடித்தது இது. 'டி.வி.யை அணை' என்கிறீர்கள். அவள் கத்துகிறாள். நீங்கள் குரலை உயர்த்துகிறீர்கள். அவள் ரிமோட்டைத் தூக்கி எறிகிறாள். 'எக்கேடோ கெட்டுப் போ' என்று அடுப்படிக்குப் போகிறீர்கள். வீடு அமைதியாகிறது. கத்தினால் வேலை நடக்கும் என்று அவளும், விட்டுக்கொடுத்தால் நிம்மதி கிடைக்கும் என்று நீங்களும் ஒரே நேரத்தில் பாடம் படித்தாயிற்று. நாளைக்கு அவள் தொடங்குவதே இன்னும் ஒரு படி மேலே இருந்துதான்.

பெற்றோருக்கான பயிற்சிகள் இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கின்றன. நிறைவேற்ற முடியாத பத்துக் கட்டளைகளுக்குப் பதில் ஒரு கட்டளை. அதை அவள் செய்ததும் அந்த நிமிடமே ஒரு நல்ல வார்த்தை. செய்யாவிட்டால் முன்பே சொல்லிவைத்த சின்ன இழப்பு, கத்தல் இல்லாமல். அப்பா ஒரு சட்டம், பாட்டி ஒரு சட்டம் என்று இருக்கக் கூடாது. கேட்க எளிது, செய்யக் கடினம். முதல் சில வாரங்களில் அவளுடைய ஆர்ப்பாட்டம் கூடத்தான் செய்யும்.

கனடாவின் டொராண்டோவில் 'ஸ்நாப்' என்ற திட்டம், நின்று யோசித்துப் பிறகு செயல்படச் சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுக்கிறது. தாயும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து உடல் மாற்றங்கள், ஆண் பெண் உறவு, தங்களுக்குள் இருக்கும் பிணக்கு ஆகியவற்றைப் பேசும் பகுதியும் அதில் உண்டு. மேலே சொன்ன பதின்வயது உடல்நலக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும். நீதிமன்றம் வரை போய்விட்ட பதின்வயதுப் பெண்களுக்கு ஓரிகானில் பட்டி சேம்பர்லெய்ன், லெஸ்லி லீவ் ஆகியோர் வேறு வழி கண்டார்கள். விடுதியில் அடைப்பதற்குப் பதில், பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் தங்க வைத்தார்கள். அந்தப் பெண்களிடம் பின்னாளில் குற்றச் செயலும் குறைந்தது, கர்ப்பமும் குறைந்தது.

'ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்கிறார் மாமியார். சரியாகுமா?

இதுவரை படித்ததை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். படிப்பு நிற்பது, இளவயதில் தாயாவது, அடுத்தடுத்துக் குழந்தை ஆகிய மூன்றும்தான் மான்ட்ரியல் பெண்களை வறுமையில் தள்ளியவை. கல்யாணம் என்ற பெயரில் அந்த மூன்றையும் ஒரே நாளில் வரவழைப்பதை மருந்து என்று சொல்ல முடியுமா? பதினெட்டுக்குக் கீழ் என்றால் 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி அது குற்றம்.

தமிழ்நாட்டில் யாரிடம் போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளியாகப் பார்க்கலாம். தொலைபேசியில் மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண், தமிழிலும் பேசுவார்கள். குழந்தைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண். தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறாள், சாகப்போவதாகச் சொல்கிறாள் என்றால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், அன்றே அழைத்துப் போங்கள்.

போவதற்கு முன் ஒரு வாரம் குறித்துவையுங்கள்: எந்த நேரத்தில், யாரிடம், எதற்குப் பிறகு கோபம் வந்தது, எப்படி முடிந்தது. பள்ளி ஆசிரியரிடமும் நான்கு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவர் அறையில் அவளை உட்கார வைத்துக்கொண்டே அவள் குற்றப்பட்டியலை ஒப்பிக்காதீர்கள். குறிப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, மகளிடம் தனியாகப் பேச அவருக்கு இடம் கொடுத்து வெளியே வந்துவிடுங்கள்.